ஆறாம் வகுப்புக்குத் தனியார் பள்ளி, கையில் அளவான பணம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாவட்டத் தலைநகர் ஒன்றில், ஒரு மெட்ரிக் பள்ளியின் கட்டணக் கவுண்டரில் பத்தொன்பது ஆண்டுகள் உட்கார்ந்திருந்தேன். பெற்றோர் கேட்ட கேள்விகளைவிட, கேட்க நினைத்துக் கேட்காமல் போன கேள்விகள்தாம் எனக்கு அதிகம் நினைவிருக்கின்றன. இப்போது ஓய்வில் இருக்கிறேன். ஏப்ரல் பிறந்தால் தெருக்காரர்களும் உறவுக்காரர்களும் வீட்டுத் திண்ணைக்கு வந்துவிடுகிறார்கள். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை எழுதி வைத்திருக்கிறேன். எல்லாம் தமிழ்நாட்டுப் பள்ளிகளைப் பற்றியவை.

எங்கள் வீட்டு வருமானம் மாதம் 25,000 ரூபாய். எவ்வளவு கட்டணம் வரைக்கும் போகலாம்?

பள்ளி சொல்லும் கட்டணத்தை விட்டுவிடுங்கள். பிள்ளை ஓராண்டு படித்து முடிக்க உங்கள் கையை விட்டு எவ்வளவு போகும் என்று பாருங்கள். ஒரு கணக்குப் போடலாம். கல்விக் கட்டணம் 32,000. வேன் 14,000. புத்தகம், நோட்டு 6,500. சீருடை, ஷூ 4,500. தேர்வுக் கட்டணம், ஆண்டு விழா, சுற்றுலா என்று உதிரியாக 3,000. ஆக 60,000. "32 ஆயிரம்தான்" என்று சொல்லிக்கொண்டு வீட்டுக்குப் போகிறவர் கணக்கில் பாதி காணாமல் போயிருக்கிறது.

இன்னொன்று: ஆறாம் வகுப்பில் சேர்த்தால் பிளஸ் 2 வரை ஏழு ஆண்டுகள். ஆண்டுக்கு 8 சதவீதம் கூடுவதாக வைத்துக்கொண்டால், இன்றைய 60,000 ஏழாம் ஆண்டில் 95,000ஐத் தாண்டும். ஏழு ஆண்டுக்கும் சேர்த்து ஏறக்குறைய 5 லட்சத்து 35 ஆயிரம். உங்கள் சம்பளமும் அதே வேகத்தில் ஏறுமா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

நான் எல்லோரிடமும் சொல்லும் அளவுகோல் ஒன்று உண்டு. ஒரு பிள்ளையின் ஓராண்டுப் பள்ளிச் செலவு, வீட்டின் இரண்டு மாத வருமானத்தைத் தாண்டக்கூடாது. இது எந்தச் சட்டத்திலும் இல்லை. கவுண்டரில் யார் மூன்றாம் தவணையில் தடுமாறினார்கள் என்று பார்த்துப் பார்த்து எனக்கு வந்த கணக்கு. உங்களுக்கு அது 50,000. மேலே சொன்ன பள்ளி அதைத் தாண்டுகிறது. ஆனால் அதே கட்டணத்தில், நடந்து போகும் தூரத்தில் ஒரு பள்ளி இருந்தால் வேன் போய்விடும், 46,000இல் முடிந்துவிடும். பள்ளியின் பெயரைவிடப் பள்ளியின் தூரம் குடும்பத்தைக் காப்பாற்றியதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

அரசு நிர்ணயித்த கட்டணம் என்கிறார்கள். அது என்ன? பள்ளி அதற்கு மேல் வாங்கலாமா?

வாங்கக்கூடாது. தமிழ்நாட்டில் 2009இல் பள்ளிக் கட்டண ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர் தலைமையில் கட்டண நிர்ணயக் குழு இயங்குகிறது. பள்ளியின் வரவு செலவு, கட்டடம், ஆசிரியர் சம்பளம் ஆகியவற்றைப் பார்த்து, பள்ளிவாரியாக, வகுப்புவாரியாகக் கட்டணம் நிர்ணயிக்கிறது. ஒருமுறை நிர்ணயித்தால் மூன்று ஆண்டுகளுக்குச் செல்லும். அதற்கு மேல் வசூலிப்பது சிறைத் தண்டனைக்குரிய குற்றம். கூடுதலாக வாங்கியதைத் திருப்பித் தரவும் வேண்டும்.

சட்டம் இவ்வளவு கடுமையாக இருந்தும் ஏன் நடக்கிறது? ரசீது ஒன்றாகவும் வசூல் வேறாகவும் இருப்பதால். நிர்ணயித்த தொகைக்குக் கணினி ரசீது. மீதிக்கு 'புத்தகம்', 'ஸ்மார்ட் வகுப்பு', 'இதர வகைகள்' என்று ஒரு துண்டுச் சீட்டு, அல்லது அதுவும் இல்லை. நான் வேலை பார்த்த இடத்திலேயே இரண்டு மேசை இழுப்பறைகள் இருந்தன. இதைப் பெருமையாகச் சொல்லவில்லை.

நீங்கள் செய்யக்கூடியது: சேரும் முன்பே அந்தப் பள்ளிக்கு நிர்ணயிக்கப்பட்ட கட்டணத்தைக் கேளுங்கள். காட்டத் தயங்கினால், மாவட்டத்தின் தனியார் பள்ளிகளுக்கான கல்வி அலுவலகத்தில் விசாரிக்கலாம். இரண்டு தொகைகளுக்கும் இடைவெளி எவ்வளவு என்று தெரிந்தாலே போதும். பள்ளியின் குணம் பாதி தெரிந்துவிடும். புகார் கொடுக்கலாமா என்று கேட்பார்கள். கொடுக்கலாம். ஆனால் தனியாகக் கொடுக்காதீர்கள். பத்துப் பெற்றோர் சேர்ந்து கையெழுத்திட்டால் நிர்வாகம் பேச வரும். ஒருவர் கொடுத்தால் பிள்ளையின் முகம்தான் வாடும்.

டொனேஷன் கேட்கிறார்கள். நுழைவுத் தேர்வும் வைக்கிறார்கள்.

எட்டாம் வகுப்பு வரை இரண்டுமே தவறு. கல்வி உரிமைச் சட்டத்தின் 13ஆம் பிரிவு நன்கொடை வாங்குவதையும், பிள்ளையையோ பெற்றோரையோ சோதித்துச் சேர்ப்பதையும் தடுக்கிறது. வாங்கிய நன்கொடையைப் போலப் பத்து மடங்கு வரை அபராதம். நடைமுறையில் இதற்கு 'திறன் அறிதல்' என்று வேறு பெயர் வைத்துவிட்டார்கள். கட்டட நிதி என்று முன்பணம் கேட்கும் பள்ளியை, பணம் அளவாக இருக்கும் குடும்பம் அந்த இடத்திலேயே பட்டியலிலிருந்து நீக்கிவிடலாம். முதல் நாளே ரசீது தராதவர்கள் மூன்றாம் ஆண்டில் தருவார்களா?

25 சதவீத இட ஒதுக்கீட்டில் ஆறாம் வகுப்புக்குச் சேர்க்க முடியுமா?

முடியாது. இந்தக் கேள்வியோடு வந்து ஏமாந்து திரும்பியவர்கள் ஏராளம். கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளிகள் நலிந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இலவசமாகத் தரும் அந்த ஒதுக்கீடு தொடக்க வகுப்புக்கு மட்டும்; அதாவது எல்.கே.ஜி. அல்லது ஒன்றாம் வகுப்பு. சிறுபான்மைப் பள்ளிகளுக்கு அது பொருந்தாது. 2025–26இல் மத்திய அரசிடமிருந்து நிதி வராத இழுபறியில் சேர்க்கையே அக்டோபர் வரை தள்ளிப்போனது.

ஏற்கெனவே அந்த ஒதுக்கீட்டில் படிக்கும் பிள்ளை என்றால் வேறொரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். இலவசம் எட்டாம் வகுப்போடு முடிகிறது. ஒன்பதாம் வகுப்பில் ஜூன் மாதம் முழுக் கட்டணச் சீட்டு வீட்டுக்கு வரும்போது பல குடும்பங்கள் திகைத்து நிற்கின்றன. எட்டு ஆண்டுகள் பழகிய நண்பர்களை விட்டு வரப் பிள்ளைக்கு மனமில்லை. கட்ட அப்பாவிடம் பணமில்லை. ஏழாம் வகுப்பிலேயே இதைப் பற்றிப் பிள்ளையிடம் பேசிவிடுங்கள்.

ஆறாம் வகுப்பில் அரசுப் பள்ளியை விட்டு வெளியேறினால் எதை இழக்கிறோம்?

இதைத்தான் முதல் கேள்வியாகக் கேட்க வேண்டும், யாரும் கேட்பதில்லை.

2020இல் வந்த சட்டப்படி, மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத இடங்கள் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு உள் ஒதுக்கீடு. 2021இல் இது பொறியியல், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டப் படிப்புகளுக்கும் விரிந்தது. இந்த ஒதுக்கீட்டில் சேருவோரின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. நிபந்தனை: ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் 2 வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். 'ஒரு வருஷம் தனியாரில் போட்டுப் பார்ப்போம், சரிப்படாவிட்டால் ஏழாம் வகுப்பில் திரும்பிவிடலாம்' என்று நினைப்பவர்கள் கவனிக்க: அந்த ஓராண்டு போனால் போனதுதான். விலக்கு ஒன்று உண்டு. 25 சதவீத ஒதுக்கீட்டில் எட்டு வரை தனியார் பள்ளியில் படித்துவிட்டு, ஒன்பது முதல் பிளஸ் 2 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கும் இது கிடைக்கும்.

அடுத்தது மாத உதவித்தொகை. கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியது. பையன்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டில் வந்தது. ஆறிலிருந்து பிளஸ் 2 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கும், அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கும் இவை உண்டு. தனியார் மெட்ரிக்கில் படித்தால் இல்லை. எட்டாம் வகுப்பில் எழுதும் தேசிய வருவாய்வழித் திறனறித் தேர்வும் அப்படியே. அதில் தேறினால் ஒன்பது முதல் பிளஸ் 2 வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய். பெற்றோர் வருமானம் 3.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். பிள்ளை அரசு அல்லது உதவிபெறும் பள்ளியில் படிக்க வேண்டும்.

இவற்றையெல்லாம் ஒரு தாளில் எழுதி, பக்கத்திலேயே அந்த 5 லட்சத்து 35 ஆயிரத்தையும் எழுதிப் பாருங்கள். அதற்குப் பிறகும் தனியார்தான் என்று முடிவெடுத்தால் அது தெரிந்து எடுத்த முடிவு. நான் தடுக்கமாட்டேன். உங்கள் ஊர் அரசுப் பள்ளியில் கணக்கு ஆசிரியர் பணியிடம் இரண்டு ஆண்டாகக் காலியாக இருந்தால், எந்த ஒதுக்கீடும் அந்த இரண்டு ஆண்டைத் திருப்பித் தராது என்பதும் உண்மை.

அரசும் வேண்டாம், மெட்ரிக்கும் கட்டுப்படியாகாது. நடுவில் ஏதாவது இருக்கிறதா?

இருக்கிறது. அரசு உதவிபெறும் பள்ளி. நிர்வாகம் தனியாருடையது, ஆசிரியர் சம்பளம் அரசுடையது. தமிழ்நாட்டின் பழைய பெயர்பெற்ற பள்ளிகளில் பல இந்த வகை. மிஷன் பள்ளிகள், இந்து உயர்நிலைப் பள்ளிகள், செட்டியார்களும் நாடார் உறவின்முறைகளும் தொடங்கியவை என்று ஊருக்கு ஊர் இருக்கும். பெரிய மைதானம், பழைய வேப்பமரம், வெளுத்துப்போன சுவர். வண்ண விளம்பரம் இல்லாததால் புதுப் பெற்றோர் கண்ணில் படுவதில்லை.

அங்கே கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: "நீங்கள் சேர்க்கும் இந்தப் பிரிவு உதவிபெறும் பிரிவா, சுயநிதிப் பிரிவா?" ஒரே வளாகத்தில், ஒரே சீருடையில் இரண்டும் இருக்கும். தமிழ்வழிப் பிரிவு பெரும்பாலும் உதவி பெறுவது, கட்டணம் பெயரளவுக்குத்தான். ஆங்கிலவழிப் பிரிவு பல இடங்களில் சுயநிதி; ஆசிரியரும் வேறு, கட்டணமும் வேறு. இதைக் கேட்காமல் சேர்த்துவிட்டு, "உதவிபெறும் பள்ளி என்றார்களே, ஏன் 18,000 கேட்கிறார்கள்" என்று வருத்தப்பட்டவரை எனக்குத் தெரியும். இன்னொன்றும் நினைவில் இருக்கட்டும்: 7.5 சதவீத ஒதுக்கீடு உதவிபெறும் பள்ளிக்குக் கிடையாது.

மெட்ரிக் பாடம் அரசுப் பள்ளிப் பாடத்தைவிட உயர்ந்ததுதானே?

ஒரு காலத்தில் வேறாக இருந்தது. 2010இல் சமச்சீர் கல்விச் சட்டம் வந்தது. 2011 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு பத்தாம் வகுப்பு வரை எல்லா வகுப்புகளுக்கும் நடைமுறைக்கு வந்தது. மெட்ரிக், மாநில வாரியம், ஆங்கிலோ இந்தியன், ஓரியண்டல் என்ற நான்கும் அன்றிலிருந்து ஒரே பாடத்திட்டம், ஒரே பத்தாம் வகுப்புத் தேர்வு. பெயர்ப்பலகையில் 'மெட்ரிக்' என்ற சொல் மட்டும் மிச்சம் இருக்கிறது. மக்கள் மனத்தில் அதன் விலையும் மிச்சம் இருக்கிறது.

ஆகவே மெட்ரிக்கில் நீங்கள் காசு கொடுத்து வாங்குவது பாடத்தை அல்ல. ஆங்கிலவழி, தினமும் வரும் ஆசிரியர், வீட்டுப்பாட டைரி, கண்டிப்பு, வேன். இவையும் மதிப்புள்ளவைதான். ஆனால் ஒவ்வொன்றும் அந்தப் பள்ளியில் உண்மையில் இருக்கிறதா என்று தனித்தனியாகப் பாருங்கள். 'ஆங்கிலவழி' என்று எழுதிவிட்டு, ஆசிரியர் தமிழில் விளக்கி ஆங்கிலத்தில் மனப்பாடம் செய்யவைக்கும் வகுப்பறைகள் அதிகம்.

சி.பி.எஸ்.இ.யில் சேர்த்தால் நீட் எளிது என்கிறார்களே?

சேர்க்கை விளம்பரம் அப்படித்தான் சொல்லும். தமிழ்நாட்டுப் பாடநூல்கள் 2018–19இல் ஒன்று, ஆறு, ஒன்பது, பிளஸ் 1 வகுப்புகளில் தொடங்கிப் புதிதாக எழுதப்பட்டன. இப்போதைய பிளஸ் 1, பிளஸ் 2 அறிவியல் நூல்கள் எடைக்கும் குறைந்தவை அல்ல, ஆழத்துக்கும் குறைந்தவை அல்ல. நீட்டுக்குத் தனிப் பயிற்சி எடுக்கும் பிள்ளைகள் இரு பக்கத்திலும் எடுக்கத்தான் செய்கிறார்கள். ஆறாம் வகுப்பிலிருந்து ஏழாண்டு கூடுதல் கட்டணம் கட்டிக் களைத்துப்போய், பயிற்சி தேவைப்படும் கடைசி ஆண்டில் கையில் பணம் இல்லாமல் நிற்பதுதான் நான் அதிகம் பார்த்த சோகம். அடிக்கடி வேறு மாநிலத்துக்கு மாற்றலாகும் வேலையில் இருப்பவர்களுக்கு சி.பி.எஸ்.இ. நல்ல தேர்வு. மற்றவர்களுக்கு அது ஒரு விருப்பம், அவசியம் அல்ல.

மறக்கக்கூடாத ஒன்று: சி.பி.எஸ்.இ. அங்கீகாரம் கிடைத்துவிட்டதா, 'விண்ணப்பித்திருக்கிறோம்' என்கிறார்களா என்று பாருங்கள். இணைப்பு எண்ணை எழுதி வாங்கி, வாரியத்தின் இணையதளத்தில் தேடுங்கள். எந்த வகுப்பு வரை அனுமதி என்பதையும் பாருங்கள்.

பள்ளியைப் பார்க்கப் போகும்போது எதைக் கவனிப்பது?

வரவேற்பறை சோபாவையும் மீன் தொட்டியையும் பார்க்காதீர்கள். கழிப்பறையைப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். பெண் பிள்ளை என்றால் இதைக் கேட்காமல் திரும்பக்கூடாது. பிறகு, பள்ளி விடும் நேரத்தில் வாசலில் அரை மணி நேரம் நில்லுங்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளின் அம்மாக்களிடம் இரண்டு கேள்விகள்: "இந்த ஆண்டு எத்தனை முறை அறிவியல் டீச்சர் மாறினார்?", "கடைசியாக எதற்குப் பணம் கேட்டார்கள்?" தலைமையாசிரியரின் ஒரு மணி நேரப் பேச்சைவிட இந்தப் பத்து நிமிடம் உதவும்.

'பத்தாம் வகுப்பில் நூறு சதவீதத் தேர்ச்சி' என்ற பலகைக்கு முன் நின்று ஒரு கணக்குக் கேளுங்கள். அந்த ஆண்டு தேர்வெழுதியவர்கள் ஒன்பதாம் வகுப்பில் இருந்தபோது எத்தனை பேர்? 82 பேர் இருந்து, 67 பேர் தேர்வெழுதி, 67 பேரும் தேறியிருந்தால், மிச்சம் 15 பேர் எங்கே? நலிவான பிள்ளையை ஒன்பதாம் வகுப்பு முடிவில் அழைத்து, "வேறு பள்ளி பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லி மாற்றுச் சான்றிதழைக் கையில் கொடுத்துவிடுவார்கள். அந்தச் சான்றிதழ்களை எழுதிய கை என்னுடையது. ஒரு மே மாதம், பதினோரு ஆண்டுகள் எங்களிடமே கட்டணம் கட்டிய ஒரு தச்சர், சான்றிதழை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "நல்லா படிக்கிற வரைக்கும்தான் உங்க பள்ளிக்கூடமா சார்?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. உங்கள் பிள்ளை நடுத்தரமாகப் படிப்பவன் என்றால், பலகையில் 96 சதவீதம் என்று நேர்மையாகப் போட்டிருக்கும் பள்ளிதான் அவனுக்கு ஏற்ற பள்ளி.

பாதுகாப்பில் மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டாம். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் கூரைக் கொட்டகையில் பற்றிய தீயில் 94 குழந்தைகள் கருகினார்கள். 2012 ஜூலையில் தாம்பரம் அருகே பள்ளிப் பேருந்தின் தரையில் இருந்த ஓட்டை வழியாக ஒரு சிறுமி விழுந்து இறந்தாள். அதற்குப் பிறகுதான் பள்ளி வாகனங்களுக்குத் தனி விதிகள் வந்தன. வேனில் ஏறித் தரையைப் பாருங்கள். உதவியாளர் இருக்கிறாரா என்று பாருங்கள். மாடிக்கு எத்தனை படிக்கட்டு வழிகள் என்று எண்ணுங்கள். கட்டணம் குறைவு என்பதற்காக இங்கே கண்ணை மூடிக்கொள்ளக்கூடாது.

பிளஸ் 1க்கு விடுதிப் பள்ளி, கட்டணச் சலுகை என்று அழைக்கிறார்கள். நம்பலாமா?

பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் வாங்கிய பிள்ளை வீட்டுக்குப் பள்ளிகள் ஆள் அனுப்பும். சலுகை இரண்டு ஆண்டுக்குமா, முதல் ஆண்டுக்கு மட்டுமா? கல்விக் கட்டணத்துக்கா, விடுதிக்கும் சேர்த்தா? பிளஸ் 1இல் மதிப்பெண் குறைந்தால் சலுகை போய்விடுமா? மூன்றுக்கும் பதிலைப் பள்ளியின் பெயர் அச்சிட்ட தாளில், பள்ளி முத்திரையோடு எழுதி வாங்குங்கள்.

இதில் ஒரு பழைய கதையும் உண்டு. நாமக்கல் பக்கத்து விடுதிப் பள்ளிகள் கொடிகட்டிப் பறந்த காலத்தில், பல இடங்களில் பிளஸ் 1 பாடத்தைத் தொடாமலேயே இரண்டு ஆண்டும் பிளஸ் 2 பாடத்தை உருவேற்றினார்கள். அதைத் தடுக்கத்தான் 2017–18இல் பிளஸ் 1க்குப் பொதுத் தேர்வு கொண்டுவந்தார்கள். 2025–26 முதல் அந்தத் தேர்வு மறுபடி நீக்கப்பட்டுவிட்டது. ஆகவே "பிளஸ் 1 பாடத்தை எந்த மாதம் வரை நடத்துவீர்கள்?" என்ற கேள்வி மறுபடி உயிர்பெற்றிருக்கிறது. ஆகஸ்ட் என்றால், நன்றி சொல்லிவிட்டு எழுந்துவிடுங்கள்.

நடுவில் கட்ட முடியாமல் போனால்?

ஜனவரியில் அழுதுகொண்டு வருகிறவருக்கு நிர்வாகத்தால் அதிகம் செய்ய முடிவதில்லை. அந்த ஆண்டின் சலுகைத் தொகை அதற்குள் முடிந்திருக்கும். மே மாதமே, சேர்க்கைக்கு முன்பு, தாளாளரை நேரில் பார்த்து நிலைமையைச் சொன்னவர்களுக்குத்தான் பெரும்பாலும் குறைத்திருக்கிறோம். சலுகை முடியாது என்றால் தவணையைக் கேளுங்கள். மூன்றை ஆறாக்குவதில் பள்ளிக்கு நஷ்டமில்லை.

கட்டணம் பாக்கி என்று பிள்ளையை வகுப்புக்கு வெளியே நிறுத்தினால் விடாதீர்கள். பதினான்கு வயது வரையிலான பிள்ளைகளை மன உளைச்சலுக்கு ஆளாக்குவதைக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு தடை செய்கிறது. கடன் உங்களுடையது, பிள்ளையுடையது அல்ல.

நகையை அடகு வைத்துக் கட்டலாமா?

ஒரு முறை, ஓர் ஆபத்துக்கு, வைக்கலாம். ஒவ்வொரு ஜூனிலும் வைக்க வேண்டியிருந்தால் பள்ளி உங்கள் எல்லையைத் தாண்டிவிட்டது என்று பொருள்.

இரண்டு பிள்ளைகள். ஒருவரைத்தான் தனியாரில் படிக்கவைக்க முடியும்.

கவுண்டரில் இருந்த காலத்தில் ஒரே வீட்டில் பையன் எங்கள் பள்ளியிலும் பெண் அரசுப் பள்ளியிலும் படித்ததை நிறையப் பார்த்தேன். மாறி நடந்ததை இரண்டு விரலில் எண்ணிவிடலாம். 'அவள்தான் எங்கே போட்டாலும் படித்துக்கொள்வாளே' என்பார்கள். அப்படியானால் காசு யாருக்குப் போகிறது என்று அவளுக்கும் புரியும் அல்லவா? இருவரையும் ஒரே தரத்தில், நடுத்தரமான கட்டணத்தில், அல்லது இருவரையும் நல்ல அரசுப் பள்ளியில் சேர்த்துவிட்டு மாலை நேரத் தனிப்பயிற்சிக்குச் செலவழியுங்கள். வித்தியாசம் காட்டித்தான் ஆக வேண்டும் என்றால், எந்தப் பிள்ளைக்கு எந்தப் பாடத்தில் உதவி தேவை என்று பார்த்துக் காட்டுங்கள்.

முடிவு செய்துவிட்டோம். மாற்றுச் சான்றிதழை எப்போது வாங்குவது?

அவசரப்படாதீர்கள். ஏப்ரலிலேயே பழைய பள்ளியில் சான்றிதழை வாங்கிவிட்டு, புதிய பள்ளியில் கடைசி நேரத்தில் கட்டணம் 8,000 கூடிவிட்டது என்று தெரிந்ததும் இரண்டும் கெட்டான் நிலையில் நின்றவர்கள் உண்டு. புதிய பள்ளியின் ஓராண்டு முழுச் செலவும் எழுத்தில் வரட்டும். சேர்க்கை உறுதியாகி முதல் தவணை ரசீதும் கைக்கு வரட்டும். பழைய பள்ளிக்கு அதன் பிறகு போகலாம். போகும்போது பிள்ளையின் ஆதார் அட்டையில் உள்ள பெயரும் பிறந்த தேதியும் சான்றிதழில் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகின்றனவா என்று அங்கேயே நின்று சரிபார்த்துவிட்டு வாருங்கள்.